துணியும் டயப்பரும் ஒன்றா? ஓர் ஆய்வறிக்கையைப் பற்றிச் சில கேள்விகள்

குழந்தையின் இடுப்புத் துணியைப் பற்றி ஓர் அறிவியல் ஏட்டில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். வெப்பவியலின் ஒரு முழுப் பாடமே அதில் இருக்கிறது. எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்ற பாடமும் கூடவே இருக்கிறது.

குழந்தை வளர்ப்பு பற்றிய அறிவுரைகளில் சில ஆண்டுகளாக ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. துவைத்துப் பயன்படுத்தும் துணிக்கும், ஒரு முறை பயன்படுத்தி எறியும் டயப்பருக்கும் சுற்றுச்சூழலைப் பொறுத்தவரை வேறுபாடு இல்லையாம். இங்கிலாந்தில் அரசே ஆய்ந்து கூறிவிட்டதாம். டயப்பர் வாங்குபவரின் மனச்சான்றுக்கு இது இதமாக இருக்கிறது. மறுபுறம், துணி என்று பெயர் இருந்தாலே அது இயற்கைக்கு உகந்தது என்று சொல்லி, ஒன்று முந்நூறு, நானூறு ரூபாய்க்குத் துணி டயப்பர் விற்பவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் அந்த ஆய்வறிக்கையைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. திறந்து பார்த்தால், அது இருவருக்கும் துணை நிற்கவில்லை என்பது புலப்படும். அறிக்கை நல்ல அறிக்கைதான். அதிலும் குறைகள் உண்டு. அவற்றைப் பார்ப்பதற்கு முன், அது என்ன செய்தது என்று அறிந்துகொள்வோம்.

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2005ஆம் ஆண்டில் முதல் அறிக்கையை வெளியிட்டது. ஒரு பொருளின் மூலப்பொருள் விளைவது, ஆலையில் உருவாவது, வீட்டில் பயன்படுவது, குப்பையில் முடிவது என்று அதன் பிறப்பு முதல் இறப்பு வரை செலவாகும் ஆற்றலையும் வெளியாகும் மாசையும் கூட்டிப் பார்க்கும் முறைக்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். எறியும் டயப்பர், வீட்டில் துவைக்கும் துணி, சலவை நிலையம் வீடு தேடிவந்து மாற்றித் தரும் துணி ஆகிய மூன்றையும் இம்முறையில் ஒப்பிட்டார்கள். மூன்றுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது முடிவு. இந்த ஒரு வரிதான் இன்றுவரை ஊர் ஊராகச் சுற்றி வருகிறது.

2008இல் அதே முகமை கணக்கைப் புதுப்பித்தது. ஒரு குழந்தை இரண்டரை ஆண்டுகள் டயப்பர் அணிவதாகக் கொண்டால், எறியும் டயப்பரால் வளிமண்டலத்தில் சேரும் வெப்பமூட்டும் வாயுக்கள், கார்பன்-டை-ஆக்சைடின் அளவில் சொன்னால், 550 கிலோகிராம். துணிக்கு 570 கிலோகிராம். 20 கிலோ வேறுபாடு இத்தகைய கணக்கில் வேறுபாடே அன்று. ஆகவே ‘இரண்டும் ஒன்று’ என்பது உண்மைதானே என்று நீங்கள் கேட்கலாம்.

உண்மைதான். ஆனால் 570 என்பது ஒரு சராசரி. பிரிட்டிஷ் குடும்பங்கள் துணியைத் துவைக்கும், உலர்த்தும் பழக்கங்களையெல்லாம் கலந்து எடுத்த சராசரி. அதே அறிக்கை, அந்தப் பழக்கங்களை மாற்றினால் என்ன ஆகும் என்றும் கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறது. 60° செல்சியசுக்குப் பதில் 90° வெந்நீரில் துவைத்தால் 31 விழுக்காடு கூடும். எல்லாத் துணிகளையும் உலர்த்தும் இயந்திரத்தில் போட்டு உலர்த்தினால் 43 விழுக்காடு கூடும். இயந்திரம் நிறையத் துணி சேர்ந்த பின்பே துவைத்து, வெளியில் கொடியில் உலர்த்தி, அதே துணிகளை இரண்டாவது குழந்தைக்கும் பயன்படுத்தினாலோ 40 விழுக்காடு குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள். துணி ஒன்றே, ஆனால் ஒரு வீட்டில் அது ஏறத்தாழ 340 கிலோ, இன்னொரு வீட்டில் 815 கிலோ. துணிக்கும் டயப்பருக்கும் உள்ள வேறுபாடு 20 கிலோ. துணிக்கும் துணிக்கும் உள்ள வேறுபாடு 475 கிலோ!

எனவே அறிக்கையின் உண்மையான செய்தி முதல் பக்கத்து வரியில் இல்லை. அது துணியைப் பற்றியதும் அன்று, டயப்பரைப் பற்றியதும் அன்று. தண்ணீருக்குள் எவ்வளவு வெப்பத்தைச் செலுத்துகிறோம் என்பதைப் பற்றியது. இங்கேதான் இயற்பியல் வருகிறது.

ஒரு கிலோகிராம் நீரை 1° சூடாக்க 4.2 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும் என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். இங்கிலாந்தில் குழாய் நீர் ஏறத்தாழ 10° இருப்பதாகக் கொள்வோம். அதை 60°க்கு உயர்த்த, கிலோவுக்கு 210 கிலோ ஜூல். துவைப்புச் சுற்றில் 15 லிட்டர் நீர் எடுக்கும் இயந்திரத்துக்கு இது 3,150 கிலோ ஜூல், அதாவது 0.9 யூனிட் மின்சாரம். 90°க்கு உயர்த்தினால் 1.4 யூனிட். துணியைப் புரட்டும் மோட்டாரின் செலவு இதற்கு முன் சிறியது.

இனி உலர்த்துதல். வகுப்பில் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. ஒரு கிலோ நீரை 10°இலிருந்து 60°க்குச் சூடாக்குவது பெரிய செலவா, ஈரத் துணியில் உள்ள ஒரு கிலோ நீரைப் போக்குவது பெரிய செலவா? பெரும்பாலோர் சூடாக்குவதையே சொல்வார்கள். துணி தானாகக் காய்ந்துவிடுகிறது அல்லவா! ஆனால் அறை வெப்பநிலையில் ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோ ஜூல் வேண்டும். ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்பது இதுவே. முன்னதைப் போல் 11 மடங்குக்கு மேல். தானாகக் காய்கிறது என்றால், அந்த 2,400 கிலோ ஜூலை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்று பொருள். நமக்கு வெயிலும் காற்றும் கொடுக்கின்றன. உலர்த்தும் இயந்திரம் வைத்திருப்பவருக்கு மின்வாரியம் கொடுக்கிறது, விலைப்பட்டியலும் அனுப்புகிறது.

வெயில் இல்லாத நிழலிலும் துணி காய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது எப்படி? நீர் ஆவியாகும்போது துணி குளிர்கிறது. சுற்றியுள்ள காற்றைவிடத் துணியின் வெப்பநிலை குறைந்ததும், காற்றிலிருந்து துணிக்கு வெப்பம் பாய்கிறது. அந்த வெப்பமே மேலும் நீரை ஆவியாக்குகிறது. ஈரக்குமிழ் வெப்பமானியில் பாதரசம் இறங்குவதும் இதனாலேயே. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் இந்த வேலை மந்தமாகும். ஐப்பசி, கார்த்திகையில் கைக்குழந்தை உள்ள வீட்டில் கூடம் முழுவதும் கொடி கட்டித் தொங்கும் காரணம் அதுதான்.

நம் வீட்டுக் கணக்கு ஒன்றைப் போடுவோம். நாளொன்றுக்கு 10 இடுப்புத் துணிகள். ஒவ்வொன்றும் உலர்ந்த நிலையில் 60 கிராம். கையால் பிழிந்த பருத்தித் துணி ஏறக்குறைய தன் எடை அளவு நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஆக, கொடியில் 600 கிராம் நீர் தொங்குகிறது. அதை ஆவியாக்க 1,440 கிலோ ஜூல், அதாவது 0.4 யூனிட். இரண்டரை ஆண்டுகளுக்கு, 913 நாட்களுக்கு, 365 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தியாவதில் சராசரியாக 0.7 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு வெளியாகிறது. எனவே ஒரு கொடிக் கயிறு இரண்டரை ஆண்டுகளில் செய்யும் வேலையை மின்சாரத்தால் செய்தால் 255 கிலோ. இதுவும் ஆற்றல் சிறிதும் வீணாகாத இயந்திரத்துக்கு. நடைமுறையில் இன்னும் கூடும். பிரிட்டிஷ் அறிக்கையின் 550ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொடிக் கயிற்றின் மதிப்பு தெரியும்.

சில அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பால்கனியில் துணி உலர்த்தக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். கட்டடத்தின் அழகு கெடுகிறதாம். உலர்த்தியோடு சேர்ந்த சலவை இயந்திரங்கள் நம் நகரங்களில் விற்பனையாவதற்கு இந்த விதிகளும் ஒரு வகையில் உதவுகின்றன. வெயில் கொட்டிக் கிடக்கும் ஊரில் வெயிலைத் தடைசெய்துவிட்டு, நிலக்கரியால் துணி உலர்த்துவதை நாகரிகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மழைக்காலத்துக்கு என்ன வழி? மின்விசிறி. விசிறி வெப்பத்தைத் தருவதில்லை. துணியை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றை அகற்றி, புதுக் காற்றைக் கொண்டுவருகிறது. வெப்பத்தை அந்தக் காற்றே தருகிறது. 75 வாட் விசிறி 8 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். புதிய வகை 30 வாட் விசிறியானால் 0.24 யூனிட். மனிதர்களுக்காக எப்படியும் சுழலும் விசிறியின் கீழே கொடி கட்டினால் தனிச் செலவே இல்லை. சன்னலைத் திறந்து வைக்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் ஆவியான நீர் அறைக்குள்ளேயே நின்று, சற்று நேரத்தில் விசிறியின் உழைப்பு வீணாகும்.

இங்கே துணியின் பக்கம் நிற்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நாள்தோறும் இடுப்புத் துணிகளைக் கொதிக்க வைத்தே அலச வேண்டும் என்று சில வீடுகளில் ஒரு கண்டிப்பு உண்டு. 10 லிட்டர் நீரை 30°இலிருந்து 100°க்குக் கொண்டுவர 2,940 கிலோ ஜூல். அடுப்பின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்தின் பக்கங்களில் தப்பிவிடும். அதையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 100 கிராம் சமையல் எரிவாயு. மாதத்துக்கு 3 கிலோ, 14.2 கிலோ சிலிண்டரில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் 3 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு உண்டாகும். இரண்டரை ஆண்டுகளில் 270 கிலோவுக்கு மேல்! டயப்பர் கணக்கில் பாதியை அடுப்பிலேயே எரித்துவிட்டோம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கோ தோல் நோயோ இருக்கும்போது மருத்துவர் சொன்னால் கொதிக்க வையுங்கள். மற்ற நாட்களில் சோப்பு நன்றாகப் போகும்வரை அலசி, நல்ல வெயிலில் விரித்தால் போதும். நம் தொட்டி நீர் பெரும்பாலும் 28°, 30° இருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பிரிட்டிஷ் இல்லத்தரசி பணம் கொடுத்துப் பெறும் முதல் 20° வெப்பத்தை நமக்கு மொட்டை மாடி இலவசமாகத் தருகிறது. நம் கடைகளில் கிடைக்கும் மேல்திறப்புச் சலவை இயந்திரங்கள் பலவற்றில் வெப்பமூட்டியே கிடையாது. அந்தக் குறை இங்கு ஒரு வகையில் நிறை.

இத்தனையும் சொல்வதிலிருந்து, 2008ஆம் ஆண்டின் முடிவை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவர முடியாது என்பது தெளிவாகும். இங்கிலாந்திலேயே அது நிலைக்கவில்லை. 2023இல் பிரிட்டிஷ் அரசின் சுற்றுச்சூழல் துறை வெளியிட்ட புதிய மதிப்பீட்டில் எறியும் டயப்பருக்கு ஏறத்தாழ 457 கிலோ, துணிக்கு 345 கிலோ. துணி 25 விழுக்காடு குறைவு. பருத்தியின் இயல்பு இந்தப் பதினைந்து ஆண்டுகளில் மாறிவிடவில்லை. மாறியவற்றில் முக்கியமானது மின்சாரம். 2008இல் பிரிட்டனின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. 2023இல் அது ஒரு விழுக்காட்டின் அருகே இறங்கிவிட்டது. 2024 செப்டம்பர் கடைசியில் அங்குக் கடைசி அனல் நிலையமும் மூடப்பட்டது. துணியின் சுமை பெரும்பாலும் மின்சாரத்தில் இருப்பதால், மின்சாரம் தூய்மையானால் துணியும் தூய்மையாகிறது. டயப்பரின் சுமை அதன் மரக்கூழிலும் பிளாஸ்டிக்கிலும் குப்பையிலும் இருக்கிறது. அது அவ்வளவு எளிதில் இறங்காது. 2005இன் ஒரு வரியை மேற்கோள் காட்டுகிறவர்கள் 2023ஐ ஏன் காட்டுவதில்லை என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் இதையும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் ஒரு யூனிட் மின்சாரத்தில் இருக்கும் கார்பன், இன்றைய பிரிட்டிஷ் யூனிட்டைப் போல் மூன்று மடங்கு. வெந்நீரில் துவைத்து இயந்திரத்தில் உலர்த்தும் சென்னைக் குடும்பத்துக்கு 345 என்ற எண் பொருந்தாது. அங்கே துணி தோற்றுப்போகவும் கூடும்.

இனி அறிக்கையின் குறைக்கு வருவோம். ஒப்பிடுவதற்கு ஓர் அலகு வேண்டும். அறிக்கை எடுத்துக்கொண்ட அலகு, இரண்டரை ஆண்டுகள் நாள் முழுவதும் டயப்பருக்குள் இருக்கும் ஒரு குழந்தை. குளிர் நாட்டில், தரைவிரிப்புள்ள வீட்டில் அது இயல்பானது. நம் வீடுகளில்? சிமெண்டுத் தரை அல்லது ஓடு பதித்த தரை. ஆறு மாதக் குழந்தை பகலில் வெறும் இடுப்புடன் தவழ்கிறது. நனைத்தால் ஒரு துணியால் துடைக்கிறோம். காலையில் எழுந்ததும், பால் குடித்ததும் பாட்டி தன் கால்களின் மேல் குழந்தையை உட்கார வைத்துப் பழக்குகிறாள். இரவில் ஒன்று, வெளியே போகும்போது ஒன்று என்று டயப்பர் பயன்படுத்தும் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு நான்கு என்ற எண்ணிக்கை ஏது? ‘எந்த வகை?’ என்று கேட்ட அறிக்கை ‘எத்தனை?’ என்று கேட்கவில்லை. நான்கை இரண்டாக்கினால் டயப்பரின் கணக்கு பாதியாகிறது. துணியிலிருந்து டயப்பருக்கோ, டயப்பரிலிருந்து துணிக்கோ மாறுவதால் பிரிட்டனில் கிடைத்த லாபத்தைவிட இது பெரியது.

இன்னொரு விடுபாடும் உண்டு. துணி என்றால் ஆலையிலிருந்து புதிதாக வந்த துணி என்றே கணக்கு. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாக 10,000 லிட்டர் நீர் செலவாகிறது. அது பெரிய சுமைதான். ஆனால் நம் பாட்டிமார் குழந்தைக்கென்று புதுத் துணி வாங்கியதில்லை. பத்தாண்டு உடுத்து நைந்த நூல் புடவையில் ஒரு பாதி ஏணையாகும். மறு பாதி இடுப்புத் துணியாகும். தாத்தாவின் பழைய வேட்டி நான்காகக் கிழிபடும். பருத்தி விளைந்தபோது செலவான நீரெல்லாம் புடவையின் கணக்கில் எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. குழந்தையின் கணக்கில் வருவது சோப்பும் அலசும் நீரும் மட்டுமே. நூறு முறை வெளுத்த துணி மென்மையாகவும் இருக்கும். இன்றைய வீடுகளில் பழைய புடவை என்றால் பாலியெஸ்டராக இருப்பது ஓர் இடைஞ்சல். அது நீரை உறிஞ்சாது. பருத்தியா, பாலியெஸ்டரா என்று அறிய ஒரு சொட்டு நீரை விட்டுப் பாருங்கள். பரவினால் வைத்துக்கொள்ளுங்கள், உருண்டு நின்றால் வேறு வேலைக்கு ஆகட்டும்.

விலையுயர்ந்த துணி டயப்பர்களில் ‘மூங்கில் துணி’ என்று ஒரு விளம்பரம் காணப்படுகிறது. மூங்கிலைக் காரத்திலும் கார்பன்-டை-சல்பைடிலும் கரைத்துக் கூழாக்கி, மறுபடி இழையாக இழுத்துச் செய்யும் ரேயான்தான் பெரும்பாலும் அது. 2009இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம், ரேயானை மூங்கில் என்று சொல்லி விற்ற நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. மக்கிவிடும் டயப்பர் என்று அச்சிட்டு வருவதும் எந்த வெப்பநிலையில், எத்தனை நாளில் மக்கும் என்று சொல்வதில்லை. சொல்லாதவரை அந்தச் சொல்லுக்குக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

டயப்பருக்குள் இருப்பது என்ன என்பதையும் பார்த்துவிடுவோம். மரக்கூழுடன் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற வெண்ணிறத் துகள்கள் கலந்திருக்கும். தூய நீரில் அவை தம் எடையைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு நீரை இழுத்துக் கூழாகும். சவ்வூடு பரவல்தான் காரணம். துகளுக்குள் சோடியம் அயனிகள் செறிந்திருப்பதால் நீர் உள்ளே பாய்கிறது. சிறுநீரில் உப்பு உண்டு. அதனால் அங்கே இந்தத் திறன் சில பத்து மடங்காகக் குறைந்துவிடும். புதிய டயப்பர் ஒன்றைப் பிரித்துத் துகள்களை எடுத்து, ஒரு கிண்ணத்தில் நீர் ஊற்றிக் கூழாக்கி, அதன் மேல் ஒரு கரண்டி உப்பைத் தூவுங்கள். கூழ் கண் முன்னே இளகி நீர் விடும். வீட்டுச் சிறுவர்கள் பெரிதும் விரும்பும் சோதனை; துகள் வாய்க்கோ கண்ணுக்கோ போகாமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் துகள் நல்ல கண்டுபிடிப்புதான். இரவெல்லாம் குழந்தையும் தாயும் உறங்க அது உதவுகிறது. அதை மறுப்பது நியாயமன்று.

மறுக்க வேண்டியது வேறொன்று. பிரிட்டிஷ் அறிக்கையில் டயப்பரின் இறுதிப் பயணம் ஒழுங்கானது. குப்பை ஒழுங்காக அள்ளப்பட்டு, முறையாக மூடிய நிலத்துக்கோ, மின்சாரம் எடுக்கும் எரி உலைக்கோ போகிறது. நிலத்தில் மட்கும்போது எழும் மீத்தேனில் ஒரு பகுதியையும் குழாய் வைத்துப் பிடிக்கிறார்கள். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன்-டை-ஆக்சைடைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டவல்லது. நம் நிலைமை அதுவன்று. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு தீப்பற்றிப் பல நாட்கள் எரிந்தது. சிற்றூர்களில் டயப்பர் ஏரிக்கரையிலும் தெருமுனைத் தீயிலும் முடிகிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயப்பரைச் சுற்றி எறிவதற்கான உறையைத் தயாரிப்பாளரே தர வேண்டும் என்றன. உறையில் சுற்றி எறியப்பட்ட டயப்பரை நீங்கள் எத்தனை முறை கண்டிருக்கிறீர்கள்? மக்கும் குப்பைக்குள் திணிக்கப்பட்ட அதைக் கையால் பிரித்தெடுப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். கிலோகிராம் கணக்கில் அவருடைய கை வருவதில்லை.

இன்னொருவருடைய கையும் வருவதில்லை. துணியைத் துவைப்பவருடையது. நாள்தோறும் பத்துத் துணிகளைத் துவைப்பது பிரசவித்து மூன்று மாதமே ஆன ஒரு பெண்ணானால், துணி சிக்கனமானது என்ற கணக்கில் ஒரு வரவு மறைக்கப்பட்டிருக்கிறது. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 2019இல் நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிட்டார்கள். 2024இல் இது 289, 88 என்றாயிற்று. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது! துணிதான் நல்லது என்று வீட்டில் வாதாடும் கணவர், வாதத்தை முடித்ததும் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவாரானால் அந்த வாதத்துக்கு எடை உண்டு. நீரும் ஒரு கேள்வியே. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் வந்தது. அந்த மாதங்களில் நாளுக்கு நாற்பது லிட்டர் அலசும் நீருக்கு லாரிக்காகக் குடத்துடன் நின்ற குடும்பத்திடம் டயப்பரைக் குறை கூற எனக்குத் துணிவில்லை. கடைசி அலசல் நீரைப் பிடித்து வைத்து, மறுநாள் முதல் அலசலுக்கு ஊற்றினால் பத்து லிட்டராவது மிஞ்சும்.

பணக் கணக்கு எளிது. ஒரு டயப்பர் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டு நாளுக்கு நான்கு வீதம் 913 நாட்களுக்குப் பெருக்கினால் 36,520 ரூபாய். இரவுக்கு ஒன்று மட்டும் என்றால் 9,130. ஆயத்தத் துணி டயப்பர் 300 ரூபாய் வீதம் 20 வாங்கினால் 6,000. பழைய வேட்டி இலவசம். சோப்புக்கு நாளுக்கு 5 ரூபாய் என்றால் 4,565. விலைகள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் கடை விலையைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது குழந்தைக்குத் துணி மறுபடி வரும், டயப்பர் வராது.

கடைசியாக ஓர் அளவுகோல். 550 கிலோ என்பது பெரிதா, சிறிதா? இந்தியாவில் ஆள் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன் கார்பன்-டை-ஆக்சைடு வெளியாகிறது. டயப்பர் கணக்கு ஆண்டுக்கு 220 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு. புறக்கணிக்கத் தக்கதன்று. ஆனால் குழந்தைக்காக என்று படுக்கையறையில் வாங்கி வைத்த குளிர்பதனப் பெட்டி இரவுக்கு 6 யூனிட் எடுத்தால் 4.2 கிலோ. 130 இரவுகளில் இரண்டரை ஆண்டு டயப்பரின் முழுக் கணக்கும் முடிந்துவிடும். அதன் வெப்பநிலையை இரண்டு பாகை உயர்த்தி, விசிறியையும் ஓடவிட்டால் என்ன மிச்சமாகும் என்று உங்கள் வீட்டு மின் அளவியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். மாலையில் ஒரு முறை, விடிந்ததும் ஒரு முறை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஒரு முறையிலும், மறு வாரம் மறு முறையிலும் குறித்தால் போதும். அந்த விசிறியின் கீழ் ஒரு கொடியும் கட்டியிருந்தால், ஒரு துணியைப் பிழிந்ததும் எடை போட்டு, காலையில் காய்ந்ததும் எடை போட்டு, இடைப்பட்ட கிராம்களை 2.4ஆல் பெருக்குங்கள். எத்தனை கிலோ ஜூல் என்று கிடைக்கும்.